வட்டம் வெட்டாத மரம்

என் ஓரகத்தியிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: கருவேப்பிலை மரம். மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒட்டியே இருக்கின்றன. அவள் வீட்டில் நீட்டிக் கட்டிய சமையலறை, தானாகத் திறக்கும் கேட், எந்நேரமும் சிரிப்பு. எல்லாம் இருக்கட்டும். தாளிக்க இலை கேட்டுத் தாமான் பெண்கள் வந்து நிற்பது என் வாசலில். எனக்குக் கைராசி என்பார்கள். அப்போதெல்லாம் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

பிறகு அந்தக் கொடி வந்தது. பின்னால் மிச்சம் கிடந்த ரப்பர் பால்மரக் காட்டிலிருந்து கிளம்பி, முதலில் அவள் கம்பிவேலியைப் பிடித்தது. காம்புக்கு மூன்று இலை, கண்ணைப் பறிக்கிற பச்சை. அவள் சமையலறைக்கு நிழல் வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அங்கே நின்று படம் எடுத்தார்கள். கொடிகூட ஆள் பார்த்துத்தான் படருமா? ஒரு நுனியை இழுத்து என் வேலியில் சுற்றிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். "தோட்டத்துல வெள்ளக்காரத் தொரையே நட்ட கொடி. மண்ணுக்கு நல்லதுலா, கெடக்கட்டும்" என்றார். தோட்டத்தில் வளர்ந்த நாங்கள் யாரும் அதைக் களை என்று நினைத்ததில்லை.

அந்தச் சமயத்தில் மகளின் பிரசவத்துக்கு அவள் ஊரான தாப்பாவுக்குப் போனேன். பச்சை உடம்புக்காரியை விட்டு வர மனமில்லாமல் சில மாதம் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் என் மரத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பச்சை மேடு. பாராங் கத்தியால் வெட்டி வெட்டி இழுத்தேன். உள்ளே ஒரு இலை இல்லை. கிளை சுள்ளியாக ஒடிந்தது. பின்பக்கத்துப் பால்மரங்களும் வெயில் படாமல் செத்து நின்றன. கால்வாயையும் கொடி மூடி, தண்ணீர் தேங்கி நாறியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் என் அம்மா களைவெட்டும் பெண்களோடு ஒவ்வொரு மரத்தடியிலும் இந்தக் கொடி நெருங்காதபடி வட்டம் வெட்டிக்கொண்டே போவார். கடைசி மரம் முடிந்ததும் மறுபடி முதல் மரம். துரை நட்டது எங்களுக்கு ஞாபகம் இருந்தது, அந்தப் பெண்கள் வெட்டியது ஞாபகமில்லை.

மறுநாள் ரசத்துக்கு இலை இல்லை. ஓரகத்தி வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டாள். போனேன். தண்ணீர்க் குழாயடியில் இடுப்புயரக் கருவேப்பிலைக் கன்று. கொடி மூடிய வேலியால் இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை. இரண்டு பெண்கள் இலை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க மரத்து வேருதான்க்கா. அடியால வந்து மொளைச்சிருக்கு. எவ்வளவு வேணுமோ பறிச்சிக்கங்க" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொடியின் நுனி ஒன்று கன்றை நோக்கித் தரையில் நீண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பாராங்கை எடுத்துவந்து, குத்தவைத்து உட்கார்ந்து, கன்றைச் சுற்றி வட்டம் வெட்டினேன்.

"ஏன்க்கா எனக்காகக் கஷ்டப்படுறீங்க?"

"ஒனக்காக இல்ல. இது என் மரம்."

இப்போதும் வாரம் தவறாமல் போய் வெட்டுகிறேன். இலைக்கு வருகிற பெண்கள் அவளுக்குக் கைராசி என்கிறார்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.