சேலை கட்டிய மீசைக்காரர்

எங்கள் மலைக்கிராமமான கூக்காலுக்குப் பஸ் வருவது குறைவு. என் அண்ணனின் டீக்கடை முன்னால்தான் எல்லாரும் காத்து நிற்பார்கள். பஸ் எங்கே வருகிறது, வருமா வராதா என்று கடை போனுக்குத் தகவல் வரும். அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வேலை. செல்போன் சிக்னல் எங்கள் ஊருக்கு எட்டாத வருடங்கள் அவை. நான் எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து நன்றாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் தட்டிக்குப் பின்னால் வடைச்சட்டியோடு இருப்பேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது.

ஒரு நாள் பலகையின் மூலையில் சும்மா ஒரு மீசைக்காரரை வரைந்தேன். அவர் கையைக் காட்டுகிறார், பஸ் நிற்காமல் போகிறது. மறுநாள் ஜனங்கள் அவரைத் தேடினார்கள். அப்புறம் தினமும் அவருக்கு ஏதாவது நடந்தது. பக்கத்துக் காடுகளில் பூண்டு எடுக்கப் போகும் பெண்கள் வந்ததும் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பார்கள். வரைவது அண்ணன் என்று எல்லாருக்கும் நினைப்பு. அண்ணன் இல்லையென்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்கள் சிரிக்கும் சத்தம் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டால், அவர்களோடு நானும் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். எனக்கென்று இருந்த பேச்சு அது ஒன்றுதான்.

ஒரு வாரம், பஸ்ஸில் பெண்கள் சீட்டைப் பிடிப்பதற்காக மீசைக்காரர் பெண்டாட்டி சேலையைக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் கொசுவம் தடுக்கி விழுந்தார், சிரிப்பு பாதியானது. புதன்கிழமை அட்டைப்பூச்சியைப் பார்த்து அலறினார், கேரட் மூட்டையைத் தூக்க முடியாமல் அழுதார். அன்றைக்குச் சத்தமே இல்லை.

தட்டி இடுக்கில் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஆம்பளைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டிய ஏழெட்டுப் பெண்கள் பலகை முன்னால் நின்றார்கள். அவர்களை வேலைக்குக் கூட்டிப் போகிறவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, சேலை கட்டுனதும் இவருக்குப் பலம் எங்க போச்சு? எங்க வீட்டுக்காரரு சட்டையப் போட்டுத்தான் நாங்க தெனம் காட்டுக்குப் போறோம். எங்களுக்கு என்ன மீசையா மொளைச்சிருச்சு?"

நேற்று மட்டும் எத்தனை மூட்டை லாரியில் ஏற்றினோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். படத்தை மாற்றாவிட்டால் இனி இங்கே டீ குடிப்பதில்லை என்றும் சொன்னார்கள். அண்ணன் கழுவிய கிளாஸையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெரு மாமா ஒருவர் நின்றார். மகளுக்கு அம்மை கண்டபோது வேண்டிக்கொண்டதற்காக, வருடா வருடம் மாரியம்மன் திருவிழாவில் சேலை கட்டித் தீச்சட்டி எடுப்பவர். நல்ல மீசை அவருக்கு. திருவிழா அடுத்த வாரம்.

"என்னையத்தான வரைஞ்சிருக்கீங்க?" என்றார் மெதுவாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு வருடா வருடம் கொசுவம் வைத்துக் கட்டிவிடுவதே நான்தான். கையில் நெருப்போடு கோயில் படி ஏறும்போதும் அவர் தடுக்கியதில்லை. அதையெல்லாம் பார்த்த நான், சேலை கட்டிய ஆம்பளை விழத்தான் செய்வான் என்று எதைப் பார்த்து வரைந்தேன்?

அண்ணன் ஈரத்துணியை எடுத்தார். இனிப் படம் கிடையாது, பஸ் சமாச்சாரம் மட்டும்தான், நமக்கு எதற்கு இந்தச் சோலி என்றபடி துடைக்க ஆரம்பித்தார். மீசைக்காரரின் தலை போய்விட்டது. நான் மாவுக் கையோடு வெளியே வந்தேன்.

"நாந்தான் வரைஞ்சேன்."

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நீயா தாயி? அண்ணன் ஆம்பளை, தெரியாம வரைஞ்சிட்டாருன்னுல்ல மனசத் தேத்திக்கிட்டோம்" என்றாள் அண்ணனைப் பிடித்துக்கொண்டவள்.

நான் மாமாவைப் பார்த்தேன். "ஒங்கள நெனச்சு வரையல மாமா. நெனச்சிருந்தா இப்படி வரைஞ்சிருக்க மாட்டேன்."

அவர் தலை போன மீசைக்காரரைக் காட்டினார். "சரி ஆத்தா. எனக்குக் கட்டுற மாதிரியே அவனுக்கும் ஒழுங்காக் கட்டிவிடு" என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் துணியைக் கீழே வைத்தார்.

மறுநாள் மீசைக்காரர் சேலையைச் செருகிக்கொண்டு மூட்டையோடு மேட்டில் விறுவிறுவென்று ஏறினார். மேலே அவர் பெண்டாட்டி அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, "வெரசா வாங்க" என்று கூப்பிட்டாள். பஸ்ஸில் பெண்கள் சீட்டிலிருந்து அவரைக் கண்டக்டர் எழுப்பிவிட்டார். படத்தை மாற்றும்போது இதையும் சேர்க்கச் சொல்லிப் பெண்கள் போட்ட நிபந்தனை அது. மாமா பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முதல் நாள் சண்டை போட்டவள் மட்டும் வெகுநேரம் பார்த்து, சேலைச் செருகல் இந்தப் பக்கம் வராது என்றாள். என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கித் தானே திருத்தினாள். அவள் போட்ட கோட்டில் மீசைக்காரரின் இடுப்பு உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி ஆகிவிட்டது. நான் அங்கேயே நின்று எல்லாரோடும் சிரித்தேன். பஸ் வந்ததும், சாக்பீஸைத் திருப்பித் தராமலே அவள் ஓடி ஏறிவிட்டாள்.