தேவதானத்து ஆட்டுக்கிடையும் ஒரு கோடைமழையும்

மாடித்தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக ஆட்டெரு வாங்குகிறவள் நான். அது வயலில் எப்படி விழுகிறது என்று பார்த்ததே இல்லை. சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். மறுநாள் வேலை ஒன்றும் இல்லாததால் கிளம்பிவிட்டேன்.

காலை ஆறரைக்கு ராஜபாளையம் பஸ், அரை மணி நேரம். அங்கிருந்து தேவதானத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உட்கார இடமும் இல்லை.

அங்கே தோழி ஒருத்தியின் சித்தப்பா முருகையா பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று விவசாயம் பார்க்கிறார். அறுவடை முடிந்த அவர் வயலில் சில நாட்களாகக் கிடை. அதாவது, மலையடிவாரத்தில் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலிலேயே வலைகட்டி அடைப்பார்கள். பகலில் தின்ற புல் அங்கே புழுக்கையும் மூத்திரமுமாக மண்ணில் சேரும், பிறகு நெல்லாகும். பள்ளிக்கூடத்தில் இதை வட்டமாக வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். நாற்றம் மட்டும் படத்தில் இல்லை.

நான் போனபோது கிடை முடிந்து ஆடுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. கையோடு உழுதுவிட வேண்டும். விட்டால் வெயிலில் சத்துப் போகும், மழை வந்தால் மிச்சமும் ஓடிவிடும். அன்று ஊரில் சும்மா நின்றது முருகையாவின் அண்ணன் டிராக்டர் ஒன்றுதான். அண்ணன் வயல் ஒட்டினாற்போல் கீழே இருக்கிறது. நடுவரப்பைத் தம்பி வெட்டிச் சுருக்கிவிட்டார் என்று தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது.

மதியம் மலைமேல் மேகம் கறுத்தது.

"அண்ணனைக் கூப்பிடுங்களேன் சித்தப்பா" என்றேன்.

"நான் கூப்பிட மாட்டேன் தாயி. மழ பேஞ்சா இம்புட்டும் அவிய வயலுக்குத்தான் போவும். பொறவு எதுக்கு வாராவ?" போன போகம் பயிர் மஞ்சளடித்துப் போனதாம். இந்தக் கிடையைத்தான் மலைபோல நம்பியிருந்தார். எனக்கோ எரிச்சல். ஆட்டுப் புழுக்கையில் என்ன வீறாப்பு!

சிறிது நேரத்தில், யாரும் கூப்பிடாமலே, டிராக்டர் சத்தம். அண்ணன் தம்பியைப் பார்க்கவே இல்லை, நேராக வயலில் இறக்கி உழ ஆரம்பித்தார். உழுது முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது.

"சும்மா இருந்திருந்தா எல்லாம் உங்க வயலுக்கு வந்திருக்குமே" என்று அண்ணனிடம் கேட்டேவிட்டேன்.

"வந்திருக்கும்தான்." துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே தம்பியிடம் திரும்பினார். "ஏலே, என்ன வேடிக்கை? மம்பட்டிய எடு. அந்த வரப்ப ஒசத்திக் கட்டணும்லா."

போக நினைப்பவர்களுக்கு: அறுவடை முடிந்த கோடைதான் காலம். பழைய செருப்பு போதும். ஆட்டுக்காரரைக் கேட்காமல் கிடைக்குள் நுழையாதீர்கள், நாய்கள் பொல்லாதவை. திரும்பும் பஸ்ஸை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் நனைந்தபடி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். தகராறு வரப்பு உயர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் தன் வயல் மண்ணை வெட்டி வெட்டி அதில் போட்டுக்கொண்டிருந்தார்.