அரைப் போத்தல் எண்ணெய்

எங்கள் பிக்கப் வண்டி ஏற்றத்தில் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பதுளைக் கராஜில் வண்டியின் இன்டர்கூலரைக் கழற்றி, உள்ளே இருந்த எண்ணெயையும் தண்ணீரையும் என் கண்ணெதிரே கவிழ்த்துக் காட்டிய பிறகும் நம்பினேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தத் தாய்மாருக்குப் புத்தி சொல்வதென்றால் எனக்கு வாய் ஓயாது. எனக்கென்று வரும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

ரெண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் வருஷங்கள் அவை. இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் பழைய டர்போ பிக்கப் ஒன்றை வாங்கி, பதுளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வண்டியைத் துடைத்த துடைப்பில் பாதி என்னைக் கவனித்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்பேன் என்று அவரைச் சீண்டுவேன். காலையில் இன்ஜின் எண்ணெயின் அளவுக் கம்பியை இழுத்துப் பார்ப்பார். எண்ணெய் மேல் கோட்டில் நிற்கும். நின்றாலும் இன்னொரு அரைப் போத்தல் ஊற்றுவார். ஏற்றத்தில் வண்டி சாயும்போது எண்ணெய் பின்னால் ஓடி, இன்ஜின் காய்ந்துவிடும் என்பது அவர் நினைப்பு. எங்கள் பக்கத்து டிரைவர்மார் பலரும் அப்படித்தான் ஊற்றினார்கள். மலையில் ஓடும் வண்டிக்குச் செய்யும் உபகாரம் என்று எண்ணினார்கள்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் சாமியை லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கெல்லாம் கொண்டுபோக எங்கள் வண்டியைக் கேட்டார்கள். வழக்கமாகத் தோட்டத்து லொறியில் போகிற சாமி. லொறி பழுதாகிக் கிடந்ததால் அந்தப் பெருமை எங்களுக்கு வந்தது. அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. மாலையும் வாழைமரமும் வாங்கப் பதுளைக்குப் போகும்போது, அம்மனுக்குச் சாத்தும் சேலையை நான் வந்து பார்த்து எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எத்தனையோ நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புறப்படுகிற காலையில் எனக்கு வீட்டுக்குத் தூரமாகிவிட்டது. சொன்னால் மாமியார் என்னைப் பின்கட்டில் உட்கார வைத்துவிடுவார். இவரும் என்னை ஏற்றமாட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். கடையில் அரக்கு நிறச் சேலையை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரர் விலைக்குத் தயங்குகிறேன் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது பசறை தாண்டித் தோட்டத்து ஏற்றத்தில் வண்டி இருமத் தொடங்கியது. எவ்வளவு மிதித்தும் இழுவை இல்லை. பின்னால் நீலப் புகை எழும்பி வாழை இலைகளை மறைத்தது. அவர் பயந்துபோய் இன்ஜினை நிறுத்தினார். மடியில் சேலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நான் அம்மனிடம் மன்றாடினேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய், இவரை விட்டுவிடு என்று.

தோட்டத்திலிருந்து கீழே இறங்கி வந்த இளைஞர்கள் மாலைகளைத் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். சாமியோடு நடுவழியில் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது என்று கோயில் கமிட்டித் தலைவர் தன்மையாகத்தான் கேட்டார். அந்தத் தன்மைதான் இவரைச் சுட்டது. சாமி டிராக்டரில் போனது. கழுவித் துடைத்து மாவிலை கட்டிய எங்கள் வண்டி பாதை ஓரத்தில் நின்றது. அவர் கோயில் பக்கம் போகாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சாப்பிடக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, வண்டியைப் பதுளைக்குக் கொண்டுபோகும்போது நானும் கூடப் போனேன். கராஜ் வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், பானட்டைத் திறந்து, இன்ஜினுக்கு மேலே இருந்த தகட்டுப் பெட்டியைக் கழற்றினார். அதுதான் இன்டர்கூலராம். டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை ஆற்றிக் கொடுக்கிற சாமான். அதை ஒரு தாச்சிச் சட்டிக்கு மேலே சரித்தார். கறுத்த எண்ணெய் கொழகொழவென்று விழுந்தது. அதற்குள் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

சோற்றுப்பானை மூடியில் ஆவி வேர்ப்பது மாதிரி, எங்கள் மலைப் பனிக்காற்று உள்ளே ஆறும்போது வேர்த்துத்தான் அந்தத் தண்ணீர் என்றார் நானா. எண்ணெய்க்குக் காரணம் கேட்க மட்டும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"கோட்டுக்கு மேல ஊத்துறீங்களா? கூடின எண்ணெய் மூச்சுக் குழாயால ஏறி இங்க வந்து நிக்கிது. ஏத்தத்துல அதைத்தான் இன்ஜின் குடிச்சிருக்கு."

மண்ணெண்ணெய் விட்டு அலசி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயப் போட்டார். ஊறிப்போன ரப்பர் குழாய்களை மாற்றினார். இன்ஜினில் கூடுதலாக இருந்த எண்ணெயை வடித்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். திரும்பும்போது வண்டி ஏற்றத்தைச் சிரமமில்லாமல் ஏறியது.

"எல்லாம் என் தப்புதான் புள்ள," என்றார் அவர்.

அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் புருஷன் தலை குனிந்து வண்டி ஓட்டுகிறார், பக்கத்தில் நான் தப்பித்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த நிமிஷமே என்னை எனக்குப் பிடிக்காமல் போனது. அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. அரைப் போத்தலை அவர் எப்போதும்தானே ஊற்றினார், அன்றைக்கு மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று மனம் கேட்டது. நான் ஏறியதால்தான் என்று மனமே பதிலும் சொன்னது.

மறு வருஷம் அவர் தீச்சட்டி எடுத்தார். சாமிக்கு வந்த வண்டியைச் சரியாக வைத்திருக்கவில்லை என்று நேர்ந்துகொண்டாராம். கொப்பளித்த உள்ளங்கைகளுக்கு மருந்து பூசியவள் நான். சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

பிறகு வருஷங்கள் போய், எங்கள் மகள் பெரிய பிள்ளையானாள். திருவிழாச் சாமான் வாங்க மறுபடி பதுளைக்குப் போனோம், மூவரும், அதே வண்டியில். மாலைகளை ஏற்றி முடித்த நேரம் மகள் முன் சீட்டிலிருந்து அவரிடம், கூச்சமே இல்லாமல் சொன்னாள்.

"அப்பா, பார்மசியில நிப்பாட்டுங்க. எனக்குத் தூரம். பேட் வாங்கணும்."

அவர் நிறுத்தினார். தானே இறங்கிப் போய், பத்திரிகைத் தாளில் சுற்றி வாங்கிவந்து அவளிடம் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். நான் அத்தனை வருஷம் பயந்த மனுஷன் இவர்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"என்னங்க, சாமி சாமான் இருக்கே. புள்ள பஸ்ல வரட்டுமா?"

"எதுக்கு? வண்டிக்கு எண்ணெய் அளவா இருந்தாப் போதும்," என்றார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். இறங்கி, பின்னால் ஏறி, வாழைமரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கூப்பிட்டார், வரவில்லை. நானும் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வண்டி புறப்பட்டது.

வழி நெடுக அந்த நாளின் கதையை அவளுக்குச் சொன்னேன். தூரமானதை மறைத்து நான் வண்டியில் ஏறியது, தாச்சியில் விழுந்த எண்ணெய், தண்ணீர் முத்துகள், அப்பாவின் உள்ளங்கை எல்லாவற்றையும் சொன்னேன். பசறை தாண்டி அந்த ஏற்றம் வந்தது. புகை இல்லை, இருமல் இல்லை, வண்டி பாட்டுக்கு ஏறியது. மகள் வாழை இலையை ஒதுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப எண்ணெயாலதான்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை இறங்கச் சொன்னீங்க?"