இரண்டாவது மாத்திரை

கட்டடத்துக்கு மேலே நிற்கிற கிரேனை ஓட்டுகிறவனுக்குப் 'பருந்து' என்று பேர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பருந்துக்குக் கொஞ்ச நாளாக இருப்புக்கொள்ளவில்லை. சர்க்கரைக்கு இத்தனை வருடம் தின்ற மாத்திரை இனிமேல் போதாது, கூட ஒன்று சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். அடிக்கடி போகவேண்டி வரும். கிரேன் கூண்டிலிருந்து இறங்கும் நெட்டுக்குத்து ஏணி அவன் கண்முன் வந்து நின்றது. ஒன்று ஊசி, பசியை அடக்கும், குமட்டும், விலையும் கூரையைத் தொடும். ஒன்று சாது, தொந்தரவும் கம்மி, வேகமும் கம்மி. இன்னொன்று பழைய காலத்து மாத்திரை. நன்றாகக் கேட்கும், ஆனால் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

என்ன வேலை என்று கேட்டார். கிரேன் என்றால் ஏறவே கூடாது என்று எழுதிவிடுவாரோ என்று பருந்து பயந்தான்.

"உக்காந்த வேலைதான் டாக்டர்" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. டாக்டர் அந்தப் பழைய காலத்து மாத்திரையைக் கூடச் சேர்த்து எழுதினார்.

அதற்கப்புறம் அவன் எங்கே நிம்மதியாக உட்கார்ந்தான்? கையை நீட்டி நீட்டி நடுங்குகிறதா என்று பார்ப்பான். ஆபத்துக்கென்று வைத்திருந்த மிட்டாய்களைப் பயத்திலேயே ஒவ்வொன்றாகத் தின்றுவிடுவான்.

கான்கிரீட் போட்ட அன்று சாப்பாடு தள்ளிப்போனது. கீழே நின்று சைகை சொல்கிறவன் அவன் மைத்துனன். இன்னும் ஒரே தூக்கு, இன்னும் ஒரே தூக்கு என்று வாக்கிடாக்கியில் கெஞ்சிக்கொண்டே இருந்தான். பருந்துக்குக் குப்பென்று வியர்த்தது. கை உதறியது. பையைத் துழாவினான், மிட்டாய் இல்லை. கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. கீழே மைத்துனனின் மஞ்சள் தொப்பி ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை.

"மாப்ள, அங்கேருந்து ஓடு. ஏன்னு கேக்காத."

மைத்துனன் ஓடினான். பருந்து எந்திரத்தை நிறுத்திவிட்டு அப்படியே சாய்ந்தான். ஏணியேறி வந்து சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்தவனும் அந்த மைத்துனன்தான்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"உக்காந்த வேலைன்னு சொன்னீங்களே?"

"உக்காந்துதான் டாக்டர் செய்யறேன். என்ன, கொஞ்சம் உசரத்துல."

டாக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பழைய காலத்து மாத்திரையை அடித்துவிட்டுச் சாது மாத்திரையை எழுதினார். எழுதிக்கொண்டே, கீழே யார் நின்றது என்று கேட்டார்.

"என் பொண்டாட்டியோட தம்பி."

மறுபடி எப்போது மேலே ஏறலாம் என்று கேட்கத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தான். கம்பிக்கட்டுக்குக் கீழே நின்றது யார் என்று தன் வாயாலேயே சொன்னபிறகு, அதைக் கேட்காமலே சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.