நீலத் தொட்டி தெரியாத இடம்

அண்ணிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், தீரும்வரை அது மண்டையைக் குடையும். "உப்பு கொஞ்சம் தூக்கலோ?" என்று அண்ணன் கேட்டால்கூட, "எங்க தெரியுது, நாக்குலயா தொண்டையிலயா?" என்று விசாரிப்பார். பல வருடம் டிரெய்லர் லாரி ஓட்டியவர். இப்போது புது டிரைவர்களைச் சோதித்து, உரிமம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் வேலை.

ஒரு பயிற்சிப் பள்ளி அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அங்கே படித்தவர்கள் ரிவர்ஸ் சோதனையில் தோற்றதே இல்லை. எல்லை காட்ட வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே லாரியைப் பின்னோக்கி ஒரே தடவையில் செருகிவிடுவார்கள். வேலைக்குப் போனதும் அதே ஆட்கள்தான் கிடங்குச் சுவரை இடித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். பயிற்சியாளருக்கு 'பாஸ் மாஸ்டர்' என்றே பெயர் விழுந்திருந்தது.

என் கார் ரிப்பேர் என்பதால் அன்று அண்ணியோடு போனேன். சோதனை மைதானத்தின் ஓரத்தில், அந்தப் பள்ளியில் படித்த ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவராம், கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை.

"இன்னிக்கு பாஸாகணும் சார். இல்லேன்னா சரக்குக் கம்பெனியில எனக்கு வெச்சிருக்கற இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

அந்தப் பள்ளியின் முதல் ஆள் லாரியை அழகாகச் செருகினார். அண்ணி சக்கரத்தைப் பார்க்கவில்லை, அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்க்க வேண்டியவர் ஏன் அண்ணாந்து பார்க்கிறார்? நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். அடுத்த கட்டடத்தின் மாடியில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி. அது ஜன்னல் ஓரத்துக்கு வந்ததும் ஸ்டீயரிங்கைத் திருப்பினார்!

அண்ணி கூம்புகளைத் தூக்கிப்போய் மைதானத்தின் மறுகோடியில் வைத்தார்.

"என்னம்மா இது, புதுசா?" பாஸ் மாஸ்டர் ஓடிவந்தார்.

"எங்க வெச்சாலும் லாரி அதே லாரிதானே மாஸ்டர்?"

அடுத்து ரொட்டிக்காரர். பாதி வந்தார், நின்றார், இன்னும் கொஞ்சம் வந்தார். கூம்பு ஒன்று சக்கரத்தின் அடியில் நசுங்கியது.

"தொட்டி தெரியலைன்னா எப்போ திருப்பறதுன்னே தெரியலை மேடம்," என்றார் வியர்வையைத் துடைத்தபடி.

"இறங்கிப் பின்னாடி பார்த்திருக்கலாமே?"

"இறங்கினா மார்க் போயிடும்னு மாஸ்டர் சொன்னாரே!"

"ரெண்டு தடவை இறங்கலாம். ஒரு மார்க்கும் போகாது. கூம்பு நசுங்கினாதான் ஃபெயில்."

"பாவம் அண்ணி," என்றேன் மெதுவாக.

"பாவம்தான். நாளைக்கு இவர் லாரிக்குப் பின்னாடி நிக்கறவனும் பாவம்தானே?"

பாஸ் மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இடம் மாறினா என்ன இப்போ? நான் காட்டறேன் பாரு!" என்று லாரியில் ஏறினார். பாதி தூரம் வந்து நின்றது லாரி. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு கதவு திறந்தது. இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கம் நடந்துபோய்க் குனிந்தார். ரொட்டிக்காரரும் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"எவ்வளவு இடம் இருக்கு மாஸ்டர்?"

"என்னை ஏன் கேக்கறே? கண்ணு இருக்கில்ல, பாரு."

ரொட்டிக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டார். "ஃபெயில் சார்... புதன்கிழமை மறுபடி டெஸ்ட்..." சற்று நேரம் கேட்டுக்கொண்டே இருந்தவர், போனைப் பொத்திக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "அவங்க சுவரை ஏற்கெனவே நம்ம பள்ளியில பாஸான ரெண்டு பேர் இடிச்சிருக்காங்களாம். புதன் வரைக்கும் பொறுக்கறாங்களாம்!"

மாஸ்டர் கூம்புகளைத் தூக்கிக்கொண்டு இன்னொரு மூலைக்கு நடந்தார்.