கல்முனையில் பதினாறு பக்கங்கள்

காலை 6.10. மட்டக்களப்பு நிலையத்தில் கல்முனை பஸ் மழையில் நனைந்துகொண்டு நின்றது. எண்பத்து நான்காம் ஆண்டு பிறந்தும் மாரி விட்டபாடில்லை. இருபத்தைந்து மைல், டிக்கட் நான்கு ரூபா. ஊர் பார்க்கப் போகிறவன் இந்த மழையில் புறப்படமாட்டான். நான் எழுதிய ஒன்றை அச்சேறாமல் தடுக்கப் புறப்பட்டேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆங்கில ஆசிரியன். கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் பன்னிரண்டு ரூபாவுக்குத் தடித்த தொகுப்பொன்று வாங்கியிருந்தேன். வெள்ளை இனமே உயர்ந்தது என்று எழுதிக் குவித்தவர்களின் கட்டுரைகள். இனங்கள் கலந்தால் நாகரிகம் அழியும் என்ற ஒரு பிரெஞ்சுப் பிரபு. ஜெர்மனியில் குடியேறி, ஜெர்மானியரையும் மிஞ்சிய ஜெர்மானியராகிவிட்ட ஓர் ஆங்கிலேயர். வந்தேறிகளால் தன் நாட்டு இரத்தம் கெடுகிறதென்று கண்ணீர் வடித்த ஓர் அமெரிக்க வழக்கறிஞர். இவர்களில் ஒருவரும் தெருவில் இறங்கிக் கல்லெறியவில்லை. நல்ல நூலகமும் நல்ல நாற்காலியும் அவர்களுக்கு இருந்தன. எழுத்து நடை அதைவிட நன்றாக இருந்தது. கல்லை, அவர்கள் எழுதியதை வாசித்தவர்கள் எறிந்தார்கள், இன்றும் எறிகிறார்கள்.

இதை நம்மவர்கள் அறிய வேண்டுமென்று நாற்பது பக்கம் மொழிபெயர்த்து, இந்தக் கனவான்களைத் தோலுரித்து ஒரு முன்னுரையும் எழுதினேன். என் பழைய மாணவர்கள் மூன்று பேர் அச்சிடுகிறோம் என்று வாங்கிப்போனார்கள். அவர்கள் முன்னுரையைக் கிழித்தெறிந்துவிட்டார்கள். வெள்ளையர் என்று வந்த இடமெல்லாம் 'நாம்' என்று மாற்றி, பின்பாதியில் வந்தேறிகள் யாரென்று காட்ட, பக்கத்து முஸ்லிம் ஊர்களின் பெயர்களையும் எழுதிச் சேர்த்தார்களாம். முதல்நாள் மாலைதான் செய்தி என் காதுக்கு எட்டியது.

அதைவிட வேடிக்கை, அச்சடிக்கக் கொடுத்த இடம். கோயில் திருவிழா நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ், பள்ளிவாசல் அறிவித்தல் எல்லாம் இந்தக் கரையில் காலாகாலமாகக் கல்முனையில் ஒரே அச்சகத்தில்தான் அடிக்கிறோம். பயல்கள் பழக்கத்தில் இதையும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். அது முஸ்லிம் அச்சகம் என்பது அவர்கள் நினைவில் வரவேயில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, காலை பஸ்ஸைப் பிடிக்கவும் தீர்மானித்தேன்.

7.20. களுவாஞ்சிகுடி. இராணுவத்தினர் எல்லோரையும் இறக்கிப் பையைத் துழாவி மறுபடியும் ஏற்றினார்கள். பக்கத்தில், முஸ்லிம் ஊரான மருதமுனைக்காரர் ஒருவர் கைத்தறிச் சாரங்களின் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

"மாஸ்டர் எங்க, கல்முனைக்கா?"

"ஓம். அச்சகத்துக்கு."

"கலியாணக் காட் அடிக்கவா?"

"இல்ல, ஒரு புத்தகம்."

"நல்லம். நாலு பேருக்கு உதவும்," என்றவர், என் முழங்கால் இடிபடாமல் மூட்டையை நகர்த்தி வைத்தார். பெரியநீலாவணை தாண்டி அவர் இறங்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

8.25. கல்முனை. சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அச்சகம். முதலாளி கடதாசி வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். எழுத்துப் பெட்டிக்கு முன்னால் அச்சுக்கோப்பவர் கபூர் காக்கா மட்டும் நின்றார். சாய்ந்தமருது முஸ்லிம்; அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம். எங்கள் பாடசாலை மலரை நான்கு வருடமாக அவர்தான் கோத்துத் தருகிறார்.

"பதினாறு பக்கம் முடிஞ்சி மாஸ்டர். பின்னேரம் மிசினுல ஏத்துவம்."

"நிப்பாட்டுங்க காக்கா. அதில பிழை இருக்கு."

"பிழையெண்டா திருத்துவம். எந்தப் பக்கம்?"

மேசையில் பிரதியைத் தேடினேன். அவர் தொழில்காரர், ஈரம் காயாத புரூஃப் தாள்களைக் கையில் எடுத்து, பிரதியை என்னிடம் நீட்டினார். ஒருவர் பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் புரூஃபில் பென்சிலை ஓட்டிக்கொண்டு வருவதுதான் அங்கே பிழை பார்க்கும் முறை. நான் வாசித்தேன். ஒவ்வொரு பக்கம் முடியவும் அவர் "சரி" என்றார். மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு வசனத்தையும் எத்தனை தடவை இழைத்திருந்தேன் என்பது என் வாயாலேயே எனக்குக் கேட்டது.

பதினாறாம் பக்கத்தோடு புரூஃப் முடிந்தது. பிரதியில் அடுத்த தாளில் வேறு கையெழுத்தில் நீல மையால் எழுதிச் சேர்த்திருந்தார்கள். அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மொழிபெயர்ப்பு சரியில்லை என்று ஏதாவது புளுகிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவரிடம் புளுக மனம் வரவில்லை. வாசித்தேன். சாய்ந்தமருது, மருதமுனை என்று ஊர்ப்பெயர்கள் வந்தன. அங்கே வாழ்கிறவர்களின் இரத்தம் கலப்பு இரத்தம், இந்த மண்ணிலிருந்து அவர்களை அகற்றவேண்டும் என்று வந்தது.

காக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"இத எழுதினது ஆரு?"

"முன்னால உள்ளது ஒரு பிரெஞ்சுக்காரன், ஒரு அமெரிக்கன். எப்பவோ எழுதினது. தமிழாக்கம் என்ட. இந்த நீல மை, நான் படிப்பிச்ச பொடியன்மார்ட."

அவர் இறுக்கிய சட்டத்தைத் தளர்த்தி, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் பெட்டியில் போடத் தொடங்கினார். ஐந்து நாள் கோத்த வேலை. நானும் உதவப் பார்த்தேன். பிழையான பெட்டியில் போட்டேன் போலிருக்கிறது, என் கையை விலக்கிவிட்டார்.

பகல் 1.30. பிரதியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "பொடியன்மார் வந்து கேட்டா, நான்தான் கொண்டுபோனன் எண்டு சொல்லுங்க," என்றேன். வாசல்வரை வந்தார்.

"ஒண்டு சொல்லட்டா மாஸ்டர்? முந்தாநாள் ஒன்பதாம் பக்கம் கோத்தன். ஊட்ட போய் பொஞ்சாதிக்கிட்டச் சொன்னன், நல்ல தமிழ், நல்ல நாயம், அந்த வந்தேறிகளத் துரத்தத்தான் வேணும் எண்டு. அவளும் ஓம் எண்டாள்."

"ஆரெண்டு நினைச்சீங்க?"

"ஆரெண்டு கேக்கத் தோணல்ல மாஸ்டர்."

திரும்பும் பஸ்ஸில் ஆள் குறைவு. அந்தப் பிரபுவுக்குக் கல்முனை என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. கல்லாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, என் மாணவர்களிடம் வேறொரு பிரதி இருக்குமோ, வேறோர் அச்சகத்துக்குப் போவார்களோ என்றெல்லாம் மனம் அலைந்தது. இருக்கும், போவார்கள் என்றே தோன்றியது.

மாலை 4.00. வீட்டுக்கு வந்ததும் தாள்களை அடுப்பில் போட்டேன். ஒன்பதாம் பக்கத்தை மட்டும் போடுவதற்கு முன் ஒருமுறை வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் வந்தது.