கடைசித் துளையில் மாமனார்

அந்தக் கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர் என்பதால் வாசல் காவலாளி முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். வேலை என்று கேட்டால் ஸ்டோர் ரூமில் ஒரு மேஜை. அட்டைப்பெட்டிகள் வரும், போகும், இவர் தலையாட்டுவார். வருஷக்கணக்காக இப்படிக் குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டியவருக்கு, மாமனார் மூன்று மாடிக் கிடங்கு ஒன்றைக் கட்டியபோதுதான் விடிவு பிறந்தது.

"கேமரா, ஃபோன், கதவுப் பூட்டு எல்லாம் நீங்களே முன்ன நின்னு முடிங்க மாப்பிள்ளை. நல்லபடியா முடிஞ்சா இந்தக் கட்டடமே உங்க பொறுப்பு" என்றார் மாமனார்.

அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்தச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் நடுநாயகம் ஒரு சுவிட்ச் பெட்டி. விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை; நெட்வொர்க் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. கேமராவுக்குப் போகும் அதே வயரில் படமும் வரும், மின்சாரமும் போகும். ஃபோனுக்கும் பூட்டுக்கும் அப்படித்தான்; தனியாக ப்ளக் தேவையில்லை. மாப்பிள்ளை கடைக்குப் போய், வயர் செருகும் துளைகளை விரல் வைத்து எண்ணினார். இருபத்து நாலு. மாட்ட வேண்டிய சாமான்களும் இருபத்து நாலு. பொருத்தம் பார்த்தாகிவிட்டது.

"துளை சரிதான் சார். ஆனா மொத்தம் எவ்வளவு வாட் இழுக்கும்னு கூட்டிப் பாத்தீங்களா?" என்றார் கடைக்காரர். "இருட்டினா கேமரா தன் விளக்கையும் போட்டுக்கும், இன்னும் இழுக்கும். இந்தப் பெட்டி தாங்காது. பக்கத்துல இருக்கறதை எடுங்க."

"என் காதுல பூ சுத்தாதீங்க. அதுலயும் இருபத்து நாலு, இதுலயும் இருபத்து நாலு. அப்புறம் என்ன?"

கடைக்காரர் பில் போட்டார். தானாக வந்து குழியில் விழுகிறவரை யார் பிடித்து நிறுத்துவது? தட்டு இருபத்து நாலு இருந்தால் இருபத்து நாலு பேர் சாப்பிடலாம் என்பது மாப்பிள்ளை கணக்கு. உலையில் எவ்வளவு அரிசி போட்டிருக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

வயர் இழுக்க வந்தவரும் தன் பங்குக்குச் சொன்னார். "கரண்ட் பத்தலைன்னா கடைசித் துளையைத்தான் சார் மொதல்ல நிறுத்தும். எது எங்கேன்னு பாத்துச் சொல்லுங்க."

"இங்க எனக்குன்னு ஒதுக்கின ரூம்ல இருக்கறதை எல்லாம் மொதல்ல போடுங்க."

பந்திக்கு முந்து என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? மாமனார் அறை மூன்றாவது மாடி மூலையில் இருந்தது. அதன் கதவுப் பூட்டு கடைசித் துளைக்குப் போனது. அதுவும் லேசுப்பட்ட பூட்டு இல்லை. உள்ளே போகவும் அட்டை காட்ட வேண்டும், வெளியே வரவும் காட்ட வேண்டும்; கரண்ட் நின்றால் பூட்டியபடியே நிற்கும். பாதுகாப்பாம்! சாவித் துவாரமே வேண்டாம் என்று சொல்லி அடைக்க வைத்தவரும் இவரேதான்.

திறப்பு விழா அன்று பகலெல்லாம் எந்தக் குறையும் இல்லை. சாயங்காலம் மாமனார் மாப்பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்தார். சுவர் டிவியில் கிடங்கு முழுக்கத் தெரிந்தது. மேஜைமேல் கட்டடத்தின் சாவிக்கொத்து. மாமனார் அதைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெளியே இருட்டியது. கேமராக்கள் தங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டன. கதவோரம் எரிந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

"இருங்க, பாத்ரூம் போய்ட்டு வந்து பேசலாம்" என்று மாமனார் எழுந்தார். அட்டையைக் காட்டினார். கதவு அசையவில்லை. மாப்பிள்ளை தன் அட்டையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துக் காட்டினார். ஊஹூம். மாமனாருக்குச் சர்க்கரை, அவசரம் என்றால் அவசரம்தான். கை நிறையச் சாவி வைத்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி நின்றார்.

மாப்பிள்ளை வயர்காரருக்கு ஃபோன் போட்டார். மாமனார் அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் வைத்தார்.

"கடைசித் துளை நின்னிருக்கும் ஐயா. அதுக்கு முன்னாடி துளைங்கள்ல ரெண்டு மூணு வயரை உருவினா தொறந்துக்கும்."

"கடைசியில என்ன இருக்கு?"

"உங்க ரூம் கதவு."

"மொதல்ல?"

"மாப்பிள்ளை சார் ரூம், ஐயா."

கீழே கணக்குப் பிரிவில் இருந்த மகளை மாமனார் அதே ஃபோனில் அழைத்தார்.

"அம்மா, சுவிட்ச் பெட்டியில உன் வீட்டுக்காரர் வயரை உருவு."

"எதைப்பா?"

"எல்லாத்தையும்."

பச்சைப் புள்ளி எரிந்தது. மாமனார் ஓடினார். திரும்பி வரும்போது படியேறி வந்த மகளின் கையில் சாவிக்கொத்தை வைத்தார். "இனிமே நீ பாத்துக்கோம்மா" என்றார்.

மறுநாளே அவள் வாட்டைக் கூட்டிப் பார்த்துப் பெரிய பெட்டியாக வாங்கி வந்தாள். சின்னப் பெட்டி ஸ்டோர் ரூமுக்கு வந்தது. பழையபடி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையாட்டினார்.